கைப்பிடி

“கெட்டியாப் பிடிச்சுக்கோ. முழு பாரத்தையும் இதுல போடு, பயப்படாதே.”

படிக்கட்டுச் சுவரில் தன் கையாலேயே மாட்டிய கைப்பிடியைத் துணியால் துடைத்தபடி சொன்னான் கணவன். நேற்றே துடைத்ததுதான். மறுபடி எப்படியோ வெள்ளைத் தூள்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மனைவி முதல்முறையாக மாடி ஏறப்போகிறாள். படிக்கு மறுபக்கம் தடுப்பே இல்லை. தவறினால் நேரே கூடத்துத் தரைதான்.

“அக்கா மேல இவ்வளவு பாசமா மாமா? கண்ணு பட்டுடப் போகுது!” பிளம்பரான அவள் தம்பி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “பாத்ரூமுக்குள்ள, கதவுக்கு மேலயே ஹீட்டர் மாட்டிட்டேன். அதுல தண்ணி நிரம்பிக்கிட்டிருக்கு. போய்க் குளிங்க.”

பாத்ரூமில் தாழ் போட்டதும் கணவனின் முகம் மாறியது. கதவில் காதை ஒட்டவைத்தான்.

இந்த வீட்டுச் சுவர் முழுக்க ஏஏசி பிளாக், காற்றுக் குமிழ் நிறைந்த வெள்ளைக் கல். ரம்பத்தால் அறுக்கலாம், அவ்வளவு லேசு. கைப்பிடி விற்ற கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: “சாதா ஸ்க்ரூ போட்டுடாதீங்க சார். பிடிச்ச மாதிரி நடிக்கும். பாரம் ஏறினா பொலபொலன்னு கையோட வந்துடும். இதுக்குன்னே இருக்கிற பிளக்கைச் சுவத்துக்குள்ள செருகிட்டு, அதுல ஸ்க்ரூவைப் போடுங்க.”

அந்த பிளக்குகள் கட்டிலுக்கடியில் பத்திரமாகத் தூங்குகின்றன. கைப்பிடியில் இருப்பது சாதா ஸ்க்ரூ. அலறல் கேட்டதும் ஈரத் துண்டோடு ஓடிப்போய்க் கதற வேண்டும், அவ்வளவுதான். அடுத்த மாதம் இந்த வீட்டுக்கு வேறொருத்தி வந்துவிடுவாள்.

வெளியே அவள் ஏறும் சத்தம். ஒவ்வொரு படியாக... நின்று நின்று... மேலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

விழவில்லை!

இப்போது இறங்குகிறாள். கூடத்தைத் தாண்டி, பாத்ரூம் கதவருகே வந்து நின்றது காலடி.

“என்னங்க...” குரல் ரொம்பத் தணிவாக இருந்தது. “கொஞ்சம் கதவுகிட்ட வாங்களேன்.”

“இங்கதான் நிக்கிறேன். சொல்லு.” காதை இன்னும் அழுத்தினான்.

“கட்டிலுக்கடியில பெருக்கினப்ப பிளக்கெல்லாம் கிடைச்சுது. தம்பி அதையே கைப்பிடிக்கு மாத்திப் போட்டுட்டான். கல்லு மாதிரி நிக்குது.”

அவன் தோளில் பொலபொலவென்று ஏதோ கொட்டியது. வெள்ளைத் தூள்.

“நீங்க போட்ட ஸ்க்ரூவையும் வீணாக்கலைங்க. எல்லாம் உங்க தலைக்கு மேலதான் இருக்கு.”