வெள்ளிக்கிழமைக் கோடு

"கண்ணாடிக் குழாயைக் கழுவத் தெரியாதவன் கையெழுத்து கேட்டு வந்துட்டான்" என்றார் பேராசிரியர் நாராயணசாமி.

முரளி தலைகுனிந்து நின்றான். திருப்பதியில் அவரிடம் ஐந்து வருட ஆராய்ச்சி. செம்பு அணுவை நண்டு கவ்வுவதுபோல் இரண்டு பக்கமும் பிடித்து வளையமாகிவிடும் சேர்மங்களை, மூலக்கூறின் எடை காட்டும் மிஷினில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் படித்தவர்களெல்லாம் பறந்துகொண்டிருந்த அந்தத் தொண்ணூற்றெட்டில், வேதியியல் படித்த இவனுக்கும் அமெரிக்காவில் ஓர் இடம் கிடைத்திருந்தது. ஆய்வேட்டில் இவர் கையெழுத்துப் போட்டால் விமானம். போடாவிட்டால் சித்தூரில் நைனாவோடு மாம்பழக்கூழ் ஆலை வேலைதான்.

மிஷின் போட்டுக் கொடுத்த படத்தில் வளையத்துக்கான கோடு வந்திருந்தது. கூடவே 152 என்ற எடையில், அழையா விருந்தாளியாக ஒரு கோடு.

"நூறு தரம் கழுவிட்டேன் சார். வெள்ளிக்கிழமை ஓட்டினதுல மட்டும்தான் இது வருது."

"ஓகோ, மிஷின் நாள் கிழமை பாக்குதா? இது லேபுப்பா. சாமி, சகுனம் எல்லாம் மலைமேல வெச்சுக்கோ."

இருபது வருடமாக அவர் அந்த மலை ஏறியதில்லை என்பது ஊரறிந்த சங்கதி.

முரளி நூலகத்திலிருந்து தூக்கி வந்த தடிப் புத்தகத்தை விரித்தான்.

"இந்தப் பக்கத்துல இருக்கிற கோடுங்களோட அச்சா ஒத்துப்போகுது சார். இது கற்பூரம். யாரோ இங்க கற்பூரம் கொளுத்திக்கினு இருக்காங்க."

நாராயணசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு ஆய்வேட்டை இழுத்து விறுவிறுவென்று கையெழுத்துப் போட்டார்.

"கற்பூரத்தை விசாரிச்சுக்கினு நிக்காத. போய் விசா வேலையைப் பாரு."

முரளிக்குத் தலைகால் புரியவில்லை. இருந்தாலும் மனசு ஆறாமல், தினமும் லேபைத் திறந்துவிடும் பச்சையப்பனிடம் நேரே போய் நின்றான்.

"உண்மையைச் சொல்லுண்ணா. கற்பூரம் கொளுத்துறது நீதானே? என் பொழப்பே போயிருக்கும்."

"கதவைத் தொறந்து வுடறதோட என் வேலை சரி" என்று பச்சையப்பன் குரலைத் தாழ்த்தினான். "வெள்ளி தவறாம வெடிகாலைல குளிச்சிட்டு வந்து, 'எம் புள்ள முரளி நல்லபடியா அமெரிக்கா போய்ச் சேரணும்'னு மிஷினுக்குக் கற்பூரம் காட்றது நம்ம சார்தான்."