ஒரு தலை குறைவு

“அழுதழுது கண்ணைக் கெடுத்துப்போட்டாய், பிள்ளை.” லிஃப்டுக்குள் குணவதி அன்ரி ரதியின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். கண்கள் இரத்தமாய்ச் சிவந்து, சுற்றிவர வீங்கிக் கிடந்தன.

“வன்னியிலை தம்பியாக்களின்ரை சேதி ஏதும்?”

“இன்னும் இல்லை, அன்ரி. மூண்டு மாசமாச்சு.”

“மொன்றியலிலையாவது கொஞ்சம் ஆறுதலாய் இருந்தியளோ?”

ரதி பயணப்பெட்டியைக் காலுக்குப் பின்னால் தள்ளினாள். “ஓம், அன்ரி.”

அவள் மொன்றியலுக்குப் போகவேயில்லை. ரொறன்ரோத் தெருக்களில் சனம் வன்னிப் போரை நிறுத்தச் சொல்லி இரவுபகலாக நின்ற அந்த மே மாதத்தில், அவளும் கணவன் அன்புராசாவும் கரீபியன் தீவொன்றில் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தார்கள். போன வருடமே பதிந்த பயணம். “நாங்கள் போகாட்டி சண்டை நிண்டிடுமோ?” என்று அவன் கேட்டான். அவளுக்கும் ஐந்து நாளாவது செய்தி கேட்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

கண் சிவந்தது அழுததால் அல்ல. முந்தநாள் பவளப்பாறை பார்க்கக் கடலில் இறங்கியபோது, முகத்தில் இறுக்கி மாட்டிய நீச்சல் கண்ணாடி செய்த வேலை. துணையை விட்டுத் தள்ளிப் போகவேண்டாம் என்று வழிகாட்டி இரண்டு தரம் சொல்லியிருந்தான். நீல மீன்கள் சிலவற்றின் பின்னால் ரதி போய்விட்டாள். தலையைத் தூக்கியபோது படகு எங்கோ தொலைவில் தெரிந்தது. நீரோட்டம் இழுத்தது. லைஃப் ஜாக்கெட் மட்டும் இல்லாவிட்டால் அவள் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

படகில் வழிகாட்டி தலைகளை எண்ணினான். பதினேழு. ஒன்று குறைந்தது. உடனே விசிலை ஊதிவிட்டுக் கடலில் குதித்தவன், அவளைக் கொண்டுவந்து சேர்த்த பிறகும் ஒன்றிலிருந்து பதினெட்டு வரை மறுபடி எண்ணித்தான் படகை எடுத்தான்.

நடுங்கிக்கொண்டிருந்த ரதிக்கு அப்போதுதான் தம்பி நேசனின் இரண்டு பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அங்கே யார் எண்ணுகிறார்கள்? வெட்கத்தில் துவாயால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்புராசா காரை நிறுத்திவிட்டு வருமுன் அவள் வீட்டுக் கதவைத் திறந்தாள். தொலைபேசியில் சிவப்பு விளக்கு மினுங்கியது. ஒரே ஒரு செய்தி. முந்தநாள் காலை, அவள் மீன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வந்தது. பொத்தானை அழுத்தினாள்.

“அக்கா, நேசன் கதைக்கிறன். நாலு பேரும் உயிரோடை இருக்கிறம். வவுனியா முகாமிலை. இது ஆரோ ஒருத்தற்றை போன்...”

ரதி சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டாள். நாலு பேரும். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன.

குரல் இன்னும் முடியவில்லை.

“நீங்கள் போன் எடுக்கேல்லை எண்டு கவலைப்படாதேங்கோ, அக்கா. ரதி மாமி எங்களுக்காக றோட்டிலை நிக்கிறா எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன்.”