பண்ணையில் விழுந்த அடி

லண்டன் ஹரோவிலிருந்து மகள் மேனுஷாவோடு, அமெரிக்கப் பாலைவனத்துப் பழைய மாட்டுப் பண்ணையைப் பார்க்கப் போயிருந்தார் ஸ்ரீஸ்கந்தராஜா. மலையேறி இறங்கிப் பண்ணை முற்றத்துக்கு வந்தபோது, தொப்பிக்காரன் ஒருவன் இன்னொருவனின் நெஞ்சுக்கு நேரே துவக்கை நீட்டினான்.

ஸ்ரீஸ்கந்தராஜா பாய்ந்தார். தண்ணீர்ப் போத்தலால் ஓங்கி அடித்த அடியில் துவக்குக்காரனின் மூக்கு உடைந்து இரத்தம் கொட்டியது.

"ஐயோ அப்பா, இது நாடகம்! பாக்க வாற ஆக்களுக்காக நடிக்கினம்!"

கெஞ்சி மன்னிப்புக் கேட்டுவிட்டு வீடு திரும்பினார். "அண்ணை, எங்களுக்கும் அடிச்சுப்போடாதேங்கோ" என்று ஹரோவே சிரித்தது.

நாலாம் நாள் அமெரிக்கப் பொலிசிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்த மேனுஷா போனை மேசையில் வைத்தாள்.

"என்ன பிள்ளை, வழக்குப் போடப்போகினமோ?"

"இல்லையப்பா. அந்தத் துவக்குக்குள்ள உண்மையான குண்டு இருந்ததாம். நாடகத்தைச் சாட்டி மற்ற நடிகரைக் கொல்லத்தான் அவன் நிண்டவனாம்."