கழற்ற முடியாத பேட்டரி

"வெள்ளிக்கிழமை நாலு மணியானா உங்க போன் மட்டும் ஏன் ஸ்விட்ச் ஆஃப் ஆவுது? அதுவும் விரதமா?"

ஷாலினி கேட்டதும் சுடலைக்கண்ணன் தலையைச் சொறிந்தான்.

"ஏட்டி, கீழ விழுந்து பேட்டரி கழண்டுட்டு. பழைய போனுல்லா?"

"வாராவாரம் மணி பாத்து விழுமோ?"



வெள்ளிக்கிழமை அவனுடைய தாராவி தோல்பைப் பட்டறைக்கு லீவு. ஷாலினியோ செம்பூரில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துவிட்டு வர ஆறு மணியாகும். நாலிலிருந்து ஐந்து வரை புருஷனைப் போனில் பிடிக்க முடியாது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? யாரோ ஒருத்தி இருக்கிறாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவன் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"பேட்டரி கழலாத போன் இருக்கா?"

வருகிற பெண்களையெல்லாம் 'பாபி', அதாவது அண்ணி, என்றே கூப்பிடும் கடைக்கார அர்பாஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இப்ப எல்லாமே அப்படித்தான் பாபி. ஒட்டி சீல் பண்ணது. ஒல்லியா இருக்கும், மழைத்தண்ணி உள்ள போகாது. யார் நெனச்சாலும் கழட்ட முடியாது. கேரண்டி!"

"பேட்டரி வீக் ஆயிட்டா?"

"ரெண்டு வருஷம் ஓடும் பாபி. அப்புறம் வேற போன் வாங்கிடலாம். க்யா டென்ஷன்?"

என்ன ஒரு அக்கறை! ஷாலினி சிம்மை மட்டும் உருவிக்கொண்டு, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் தள்ளினாள்.

புதுப் போனைப் பார்த்த சுடலைக்கண்ணனுக்கு முகம் செத்துப்போனது.

"பழசு நல்லாத்தானட்டி இருந்துச்சு?"

"ஆமா, வெள்ளிக்கிழமை தவிர."

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மூன்றரைக்கே வீட்டில் வந்து உட்கார்ந்தாள். அவன் எழுவதும் உட்காருவதுமாக இருந்தான்.

நாலு மணி. கதவு தட்டும் சத்தம்.

'வீடு தேடியே வந்துட்டாளா!' ஷாலினி கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு கதவைத் திறந்தாள்.

பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா. போன மழைக்காலத்தில் குழாயடியில் சண்டை போட்டதிலிருந்து ஷாலினி முகம்கொடுத்துப் பேசாத அதே நஜ்முன்னிசா. கையில் ஒரு பழைய போன். பின்மூடி திறந்து, பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"நீ இருக்கியாம்மா..." என்று தயங்கினாள். "எம்மவன் சைஃப் சவுதியிலேர்ந்து கூப்பிடுற நேரம். வெள்ளிக்கிழமைதான் அவனுக்கு லீவு. என் பேட்டரி செத்து ரெண்டு மாசமாச்சு. இந்த மாடலுக்கு இப்ப எந்தக் கடையிலயும் கெடைக்கல. எஞ் சிம்மும் பழைய பெரிய சைஸு, புதுசு எதுலயும் சேராது. ஒங்க வீட்டுத் தம்பிகிட்டயும் இதே போனுங்கவும், வாராவாரம் ஒரு மணி நேரம் பேட்டரியக் கழட்டித் தரும். ஒங்கிட்ட சொல்லாதன்னு நாந்தான் சொன்னேன். நீ கோவமா இருக்கியேன்னு..."

சுடலைக்கண்ணன் சுவரைப் பார்த்தான்.

"கொஞ்சம் சீக்கிரம் தாம்மா. எடுக்கலைன்னா புள்ள பயந்துருவான்."

ஷாலினி புதுப் போனைப் புருஷன் கையிலிருந்து பிடுங்கினாள். பின்பக்கத்தை நகத்தால் நெம்பினாள். அப்புறம் ஹேர்பின்னால் நெம்பினாள்.

அர்பாஸ் கொடுத்த கேரண்டியில் ஒரு குறையும் இல்லை.