பக்கம் நாற்பத்தொன்று

முழங்கை வரை கட்டுப் போட்டிருந்த ஆள், அடுப்புக் கையேட்டை நெவெனாவின் மேசைமேல் பொத்தென்று வைத்தான்.

"இதுக்கு இண்டெக்ஸ் போட்டது யாரு?"

போட்டவள் நெவெனாதான். ரூசே நகரின் அந்தச் சின்னப் பதிப்பகத்தில், எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று அகரவரிசைப் பட்டியல் போடுவது அவள் வேலை. இந்தக் கையேட்டில் 'கேஸ் கசிவு' என்பதற்கு எதிரே 41 என்று வர வேண்டியது, 14 என்று அச்சாகிவிட்டது. எட்டு மாதமாக அவளுக்கு அது தெரியும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"நான் ஸ்டாமென். ரொட்டி ஃபேக்டரில அடுப்புல நிக்கறவன். பத்து நாளைக்கு முன்னாடி கேஸ் ஒழுகுனப்போ இந்தப் புத்தகத்தைத்தான் புரட்டினேன்." அவன் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. சட்டைத் தோளில் காய்ந்த பால் கறை. "பேரு மட்டும் சொல்லுங்க மேடம், போதும்."

புகார் எழுதத்தான் கேட்கிறான். நெவெனாவின் நாக்கு முந்திக்கொண்டது.

"இஸ்க்ரா. வேலையை விட்டுட்டாங்க."

சொன்ன மறுகணமே உடம்பு கூசியது. இஸ்க்ரா வரவேற்பில் உட்கார்ந்திருந்தவள். கல்யாணமாகி வர்னா நகருக்குப் போய்விட்டாள். இந்தக் கையேட்டைத் தொட்டதுகூட இல்லை.

"அடடா! நேர்ல பாக்கலாம்னு வந்தேனே!" என்றான் ஸ்டாமென். "கசிவுன்னு எஞ்சினியருங்கதான் தேடுவாங்க. எனக்கு அந்த நேரத்துல 'நாத்தம்'னுதான் தோணுச்சு. பாத்தா, அதையும் போட்டிருக்காங்க! பக்கம் நாப்பத்தொண்ணு. எந்த வால்வுன்னு அங்க இருந்துச்சு, ஓடிப்போய் மூடிட்டேன். என் கை வெந்ததோட போச்சு. ஷிஃப்ட்ல இருந்த பதினொரு பேரும் உயிரோட வீடு போய்ச் சேந்தோம்."

'இதையெல்லாம் யாரு தேடுவா?' என்று கையேட்டை எழுதிய எஞ்சினியர் சிரித்தபோது, அந்த வார்த்தையை அடம்பிடித்துச் சேர்த்தவள் நெவெனா.

"அது வந்து... நான்..." என்று தொடங்கினாள். உண்மையைச் சொன்னால் பொய் சொன்னதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்குள் அவன் மனைவியைக் கைபேசியில் அழைத்திருந்தான்.

"ஜிவ்கா, பேரு கிடைச்சிடுச்சு! நம்ம பாப்பாவுக்கு இஸ்க்ரான்னே வச்சிடலாம்!"