பிரேக்கைத்தான் மிதிச்சேன்

"என் கால்தான் தவறிடுச்சுன்னு எழுதிக்குங்க தம்பி."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. வண்டி தானாகப் பாய்ந்துவிட்டது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்பவர்களைத்தான் அவன் இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறான். சுவரில் மோதி முகப்பு நசுங்கிய காரோடு வந்த இந்தப் பெரியவரோ, பழியைக் கேட்டு வாங்குகிறார்.

"நல்ல செய்தி சார், கேளுங்க. நீங்க பிரேக்கைத்தான் மிதிச்சிருக்கீங்க. ஆக்சிலேட்டர் சென்சார்ல கோளாறு. கம்ப்யூட்டரே சொல்லுது."

"கம்ப்யூட்டர் கிடக்கட்டும். நான் சொல்றதை எழுதுங்க."

"எப்படி சார்? இதே கோளாறு மூணு வருஷத்துக்கு முன்னாடியும் ஒரு தடவை பதிவாகியிருக்கு. அன்னிக்கு யார் ஓட்டினது?"

பெரியவர் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பார்த்தார். பெஞ்சில் அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அவதான். கேட்டைத் திறக்க வந்த அவ அப்பா மேலயே ஏத்திட்டா. பிரேக்கைத்தான் மிதிச்சேன்னு ஒரு வருஷம் அழுதா. நான் வண்டியை யார்கிட்டயும் காட்டவும் இல்லை, விக்கவும் இல்லை. 'பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு தெரியாதவ'ன்னு வீட்டுக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில அவளே ஒத்துக்கிட்டா, அப்பாவைக் கொன்னது என் கால்தான்னு."

மெக்கானிக் பேனாவைக் கீழே வைத்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்ததும் அவர் தோளில் கை வைத்தாள்.

"விடுங்க. கால்தானே, யாருக்கும் தவறும். இதுக்காக உங்களை யாரு என்ன சொல்லிடப் போறாங்க?"