பின்சீட்டுத் தாளம்

ஹெல்மெட்டுக்குள் பாட்டுக் கேட்கும் கருவியை வாங்க இன்னாசிமுத்துவுக்கு வசதி போதாது. பிளாட்பாரத்தில் வாங்கிய இயர்போனின் வயரைக் கீறி நீளமாகப் பிரித்தான். கடலை அளவிலிருந்த இரண்டு குமிழ்களில் ஒன்று அவன் காதுக்கு, மற்றொன்று பின்சீட்டில் உட்காரும் மனைவி லூர்துவின் காதுக்கு. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் நாட்களில் அவளுக்குக் கண் சொருகிவிடும். பாட்டு இருந்தால் விழித்திருப்பாள்.

"முதுகுல தாளம் போட்டுக்கிட்டே வரேன். நின்னுச்சுன்னா நான் தூங்கிட்டேன்னு வண்டிய ஓரங்கட்டுங்க" என்று அவள்தான் சொல்லிவைத்திருந்தாள்.

மருந்து தொடங்கியதிலிருந்து அவள் பாதியாகிப்போனாள். எடையை வைத்து ஆள் இருப்பதே தெரிவதில்லை. அந்த விரலை நம்பித்தான் ஓட்டுவான்.

இன்றும் பைபாஸ் வெயிலில் தாளம் விடாமல் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னும் பத்து கிலோமீட்டர்தான் லூர்து."

பதில் இல்லை. தட்டல் இருந்தது.

அடுத்து அவளுக்குப் பிடித்த, மெதுவான பாட்டு வந்தது. தட்டல் மெதுவாகவில்லை. அவன் வேகத்தைக் கூட்டினான், தட்டலும் கூடியது. குறைத்தான், குறைந்தது. விரலின் கனமே அதில் இல்லை. வயரில் ஆடும் ஒரு கடலையின் கனம்தான் இருந்தது.

வண்டியை ஓரங்கட்டினான். காற்று அடங்கியதும் தட்டலும் நின்றது. பின்னால் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தால் போதும். கை ஹேண்டில்பாரை விட்டு வர மறுத்தது. அவள் எப்போதும் கூடவே முணுமுணுக்கும் வரி காதில் வந்தது. அது முடியட்டும் என்று காத்திருந்தான்.